உஷார்! வைஃபை கிடைக்காத அந்தப் பத்து நிமிடம்

டிராவல் ரவுட்டர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர்கள், அடுத்த பயணத்துக்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ராத்திரி ஹோட்டல் அறைக்கு வந்து, ரவுட்டரைச் செருகி, லேப்டாப்பைத் திறந்தால் 'இந்த நெட்வொர்க்கில் இணைய முடியவில்லை' என்று வந்து நிற்கும். போனில் வருகிறது, லேப்டாப்பில் மட்டும் வரவில்லை. காலையில் மீட்டிங். விடிவதற்குள் ஃபைல் போயாக வேண்டும். எதையும் யோசித்துச் செய்கிற ஆட்கள்கூட, வீட்டில் இருந்தால் கனவிலும் செய்யாத காரியங்களை இந்த நேரத்தில்தான் செய்துவிடுகிறார்கள். ரவுட்டரின் பாஸ்வேர்டை எடுத்துவிட்டுத் திறந்து போடுகிறார்கள். ஃபயர்வாலை அணைக்கிறார்கள். கண்ட தளத்திலிருந்து டிரைவர் இறக்குகிறார்கள். கூகுளில் கஸ்டமர் கேர் நம்பர் தேடி, முன்பின் தெரியாத ஒருவன் கையில் லேப்டாப்பை ஒப்படைக்கிறார்கள்.

லேப்டாப் ஒட்டாவிட்டால் ஒரு ராத்திரி வேலை கெடும். இந்த அவசரக் காரியங்களில் ஒன்று தப்பாகப் போனால் மெயில் போகும், பேங்க் கணக்கு போகும், ஆபீஸ் ஃபைல்களும் போகும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அவசரம் என்றால் அவசரத்துக்கு வழி இருக்கிறது. போனைச் சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் இணையுங்கள். போன் செட்டிங்ஸில் ஹாட்ஸ்பாட் பக்கம் போய் 'யுஎஸ்பி டெதரிங்'கை ஆன் செய்யுங்கள். லேப்டாப்பின் வைஃபை முழுக்கச் செத்துக் கிடந்தாலும், உங்கள் சொந்த சிம் டேட்டா கேபிள் வழியாக ஏறிவிடும். மெயிலை அனுப்புங்கள், மீட்டிங்கை முடியுங்கள். ரவுட்டரைப் பிறகு பார்க்கலாம். நெட் கையில் வந்துவிட்டால் பதற்றம் பாதி இறங்கிவிடும். பதற்றம் இறங்கினால் தப்பும் குறையும்.

இனி, இந்தக் கையடக்கப் பெட்டியை எதற்காக வாங்கினோம் என்பதை நினைவில் வையுங்கள். ஹோட்டலின் வைஃபையையோ கேபிளையோ அது ஒரு பக்கம் வாங்கிக்கொண்டு, மறுபக்கம் உங்களுக்கென்று தனி வைஃபை தருகிறது. பக்கத்து அறைக்காரரின் கருவியிலிருந்து பார்த்தால் உங்கள் லேப்டாப் தெரியாது, ரவுட்டர் மட்டும்தான் தெரியும். அது ஒரு மறைப்பு. லேப்டாப் ஒட்டவில்லை என்றதும் பலரும் எடுக்கும் முதல் முடிவு, அந்த மறைப்பை விட்டு வெளியே வந்து 'நேராக ஹோட்டல் வைஃபையிலேயே போய்விடுவோம்' என்பது. லிஸ்ட்டைத் திறந்தால் ஹோட்டல் பெயரில் இரண்டு மூன்று இருக்கும். ஒன்றில் பூட்டுச் சின்னம் இருக்காது. கை அங்கேதான் போகும்.

அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் வைக்கலாம். உங்கள் ரவுட்டருக்கு நீங்கள் பெயர் வைத்தீர்களே, அதே போலத்தான். 2024இல் ஆஸ்திரேலியாவில் நடந்ததைப் பாருங்கள். உள்நாட்டு விமானம் ஒன்றில் சந்தேகத்துக்குரிய வைஃபை தெரிகிறது என்று விமான ஊழியர்கள் புகார் கொடுத்தார்கள். ஆஸ்திரேலிய ஃபெடரல் போலீஸ் விசாரித்து, மேற்கு ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஒருவர்மீது வழக்குப் போட்டது. கைப்பையில் அடங்கும் ஒரு கருவியை வைத்துக்கொண்டு, பெர்த், மெல்பர்ன், அடிலெய்டு விமான நிலையங்களிலும் விமானத்துக்குள்ளும் அசல் போலவே பெயர் கொண்ட போலி வைஃபையைப் பரப்பினார் என்பது குற்றச்சாட்டு. இணைந்தவர்களுக்கு ஒரு லாகின் பக்கம் வரும். மெயில் அல்லது சோஷியல் மீடியா கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். கொடுத்தவர்களின் விவரம் அந்தக் கருவியில் சேர்ந்துவிடும். அடுத்த ஆண்டே அவருக்கு 7 ஆண்டுக்கு மேல் சிறைத் தண்டனை கிடைத்தது.

ஹோட்டலின் வைஃபை அசலாகவே இருந்தாலும் நிம்மதியாக இருக்க முடியாது என்பதற்கு 'டார்க்ஹோட்டல்' சாட்சி. கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கி 2014 நவம்பரில் இந்த உளவு வேலையை அம்பலப்படுத்தியது. ஆசியாவின் சொகுசு ஹோட்டல்களில் தங்கும் பெரிய அதிகாரிகளைக் குறிவைத்து, ஹோட்டலின் சொந்த நெட்வொர்க்குக்குள்ளேயே ஒரு கும்பல் பல வருடங்களாக உட்கார்ந்திருந்தது. விருந்தினர் அறை எண்ணும் பெயரும் கொடுத்து வைஃபையில் நுழைந்ததும், அடோபி ஃபிளாஷ் போன்ற பழகிய மென்பொருளுக்கு 'அப்டேட் வந்திருக்கிறது' என்று ஒரு பெட்டி எழும். அழுத்தினால் இறங்குவது உளவு நிரல். ஹோட்டல் வைஃபையில் இருக்கும்போது தானாக எழும் எந்த அப்டேட் பெட்டியையும் அழுத்தாதீர்கள் என்று அன்று முதல் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இன்றும் பலர் அழுத்துகிறார்கள்.

ஆகவே ரவுட்டரை விட்டு ஓடாதீர்கள். எங்கே சிக்கியிருக்கிறது என்று பாருங்கள். லேப்டாப் வைஃபையில் ஏறுவது ஒரே தாவல் இல்லை. முதலில் பெயர் கண்ணில் பட வேண்டும். அப்புறம் பாஸ்வேர்ட் ஒத்துப்போக வேண்டும். பிறகு ரவுட்டர் அதற்கொரு ஐபி முகவரி தர வேண்டும். கடைசியில்தான் வெளி இணையம். எந்தப் படியில் நின்றுபோனது என்று தெரிந்தாலே தேவையில்லாத பத்துக் காரியங்கள் மிச்சம். முக்கியமாக ஒன்று: ஃபயர்வாலுக்கு முதல் இரண்டு படியில் வேலையே கிடையாது. பெயர் தெரியவில்லை, பாஸ்வேர்ட் ஏற்கவில்லை என்பதற்காக அதை அணைத்தால் வைஃபை வராது, பாதுகாப்புதான் போகும். அணைத்ததைத் திரும்ப ஆன் செய்யப் பலருக்கும் ஞாபகம் இருப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால் ரவுட்டரின் விளக்கைப் பாருங்கள். மின்சாரமே சரியாகப் போகாமல் இருக்கலாம். சின்னப் பெட்டிதானே என்று லேப்டாப்பின் யுஎஸ்பி துளையிலோ, அறை டிவியின் பின்பக்கத் துளையிலோ செருகிவிடுகிறோம். பழைய யுஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 500 மில்லிஆம்பியர்தான், யுஎஸ்பி 3.0 என்றால் 900. ரவுட்டர்கள் பலவும் 1 ஆம்பியரோ 2 ஆம்பியரோ, சில அதற்கு மேலும் கேட்கின்றன. விளைவைக் கண்ணால் பார்க்கலாம். விளக்கு எரியும், நிலையாக நிற்கும், வைஃபை பெயர் லிஸ்ட்டில் வரும், பாஸ்வேர்ட் போட்டு என்டர் தட்டுவீர்கள், டேட்டா ஓடத் தொடங்கும் அந்த நொடியில் விளக்கு அணைந்து மறுபடி முதலிலிருந்து மினுக்கத் தொடங்கும். லேப்டாப் 'இணைய முடியவில்லை' என்று சொல்லும். குற்றம் லேப்டாப்பில் இல்லை. பெட்டியோடு வந்த அடாப்டரைச் சுவர் பிளக்கில் போடுங்கள், ஆன் செய்து இரண்டு நிமிடம் விடுங்கள். இன்னொன்று, கார்டைச் செருகினால்தான் கரண்ட் வரும் அறைகளில், நீங்கள் கார்டை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனால் ரவுட்டரும் அணைந்துவிடும். திரும்பி வந்ததும் லேப்டாப் முந்திக்கொள்ளும். ரவுட்டர் இன்னும் எழுந்திருக்காது.

விளக்கு சரி, ஆனால் பெயரே தெரியவில்லை என்றால்? போனில் தெரிந்து லேப்டாப்பில் தெரியவில்லை என்றால் பெரும்பாலும் அலைவரிசை விவகாரம். பழைய லேப்டாப்புகளில் 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் இருக்கும். ரவுட்டர் 5 கிகாஹெர்ட்ஸில் மட்டும் பேசினால் அதன் காதில் விழாது. விண்டோஸில் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து 'நெட்எஸ்எச் டபிள்யூலேன் ஷோ டிரைவர்ஸ்' கட்டளையைக் கொடுத்தால், உங்கள் லேப்டாப் எந்தெந்த வைஃபை வகையைத் தாங்கும் என்று வந்துவிடும். '802.11ஏ', 'ஏசி', 'ஏஎக்ஸ்' எதுவும் இல்லாமல் 'பி, ஜி, என்' மட்டும் இருந்தால் அநேகமாக 2.4 மட்டும்தான். அமெரிக்காவிலிருந்து உறவினர் வாங்கி வந்த லேப்டாப் என்றால் இன்னொரு சந்தேகம். 2.4இல் 12, 13ஆம் சேனல்களை அமெரிக்காவில் வழக்கமாகப் பயன்படுத்துவதில்லை. அந்த ஊர் அமைப்போடு வந்த சில லேப்டாப்புகள் அங்கே எட்டியே பார்க்காது. ஐரோப்பாவில் வாங்கிய ரவுட்டர் 13இல் போய் உட்கார்ந்துகொண்டால் இரண்டும் ஒரே மேஜையில் இருந்தும் ஒன்றையொன்று பார்க்காது. ரவுட்டரின் சேனலை 'ஆட்டோ'வில் விடாமல் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

5 கிகாஹெர்ட்ஸில் 52 முதல் 144 வரையுள்ள சேனல்களை ரேடார்களும் பயன்படுத்துகின்றன. அங்கே ரவுட்டர் வாய் திறப்பதற்கு முன் குறைந்தது ஒரு நிமிடம் ரேடார் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. ரேடார் கேட்டால் சேனலைக் காலி செய்தாக வேண்டும். அதனால்தான் சில இடங்களில் பெயர் தாமதமாக வருகிறது, வந்தது திடீரென்று மறைகிறது. மறைந்த அந்த இடைவெளியில் 'ரவுட்டர் போச்சு' என்று முடிவு கட்டி விடாதீர்கள். 36, 40, 44, 48 ஆகியவற்றில் ஒன்றுக்கு மாற்றினால் இந்தத் தொல்லை இருக்காது.

வைஃபை 6 ரவுட்டர் வாங்கியவர்களுக்குத் தனியாக ஒன்று. இன்டெல்லின் பழைய வைஃபை சிப்புகள் சில, டிரைவர் பழசாக இருந்தால், புதிய 'ஏஎக்ஸ்' (அதாவது வைஃபை 6) நெட்வொர்க்கைப் பார்க்கவே மாட்டா. இன்டெல்லே இதைச் சொல்லி டிரைவரைப் புதுப்பிக்கச் சொல்லியிருக்கிறது. இங்கேதான் பெரிய பள்ளம் காத்திருக்கிறது. 'வைஃபை டிரைவர்' என்று தேடினால் பெரிய பெரிய 'டவுன்லோட்' பட்டன்களோடு பக்கங்கள் வரும். 'உங்கள் லேப்டாப்பில் 14 டிரைவர்கள் பழசு' என்று சிவப்பில் மிரட்டும் மென்பொருள்கள் வரும். எதையும் தொடாதீர்கள். டிரைவர் என்பது விண்டோஸின் அடிமட்டத்தில் போய் உட்காரும் நிரல். அங்கே கெட்டது ஒன்று உட்கார்ந்துவிட்டால் ஆன்டிவைரஸையே அணைத்துப் போட முடியும். போன் டெதரிங் வழியாக விண்டோஸ் அப்டேட்டுக்குப் போங்கள். 'ஆப்ஷனல் அப்டேட்ஸ்' பகுதியில் பாருங்கள். அங்கே இல்லையென்றால் லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளம், அல்லது இன்டெல்லின் தளம். நான்காவது இடமே வேண்டாம். அதற்கும் நேரமில்லை என்றால் ரவுட்டரில் ஏஎக்ஸை அணைத்து 'ஏசி'க்கு இறக்குங்கள். வேகம் கொஞ்சம் குறையும், பாதுகாப்பு குறையாது.

விண்டோஸ் அப்டேட் என்றதும் ஒத்திப்போடுகிறவர்களுக்கு ஒரு தகவல். 2024 ஜூனில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸின் வைஃபை டிரைவரில் ஒரு ஓட்டையை அடைத்தது. வைஃபை எட்டும் தூரத்தில் ஒருவன் இருந்தால் போதும், நீங்கள் எதையும் அழுத்தாமலே உங்கள் லேப்டாப்பில் தன் நிரலை ஓட்ட முடியும் என்ற வகையிலான ஓட்டை அது. எண் சிவிஇ-2024-30078. அதற்குப் பிறகு அப்டேட் செய்யாத லேப்டாப்போடு ஹோட்டல் லாபியிலும் விமான நிலையத்திலும் உட்காருவதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது.

பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டில் முட்டுகிறது என்றால் முதல் சந்தேகம் பழைய நினைவு. ரவுட்டரை ரீசெட் செய்து அதே பெயரில் வேறு பாஸ்வேர்ட் வைத்திருப்பீர்கள். லேப்டாப் பழையதையே கொண்டுபோய் நீட்டும். தெரிந்த நெட்வொர்க்குகள் பட்டியலுக்குப் போய் 'ஃபர்கெட்' கொடுத்துவிட்டுப் புதிதாக இணையுங்கள். பாதிப் பேருக்கு இதோடு சரியாகிவிடும்.

சரியாகவில்லை என்றால் அடுத்தது டபிள்யூபிஏ3. 2018இல் வந்த இந்தப் பாதுகாப்பு முறை பழைய வைஃபை சிப்புகளுக்குப் புரியாது. போன் புதுசு என்பதால் அது ஏறிவிடும், லேப்டாப் வெளியே நிற்கும். இதற்கு மருந்து, ரவுட்டரில் 'டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு' என்று மாற்றுவது. அதிலும் ஏறவில்லையென்றால் 'டபிள்யூபிஏ2 ஏஇஎஸ்'. அதற்குக் கீழே இறங்காதீர்கள். 'ஓப்பன்' என்று வைத்தால் உடனே ஏறிவிடும், உண்மைதான். அந்த மாடியில் இருக்கிற எல்லோரும் ஏறலாம் என்பதும் உண்மை. காற்றில் போவதில் குறியாக்கம் இல்லாத எதையும் ஒட்டுக்கேட்கலாம் என்பதும் உண்மை. 'டபிள்யூஇபி' என்ற பழைய முறை 2001இலேயே உடைக்கப்பட்டுவிட்டது; மெனுவில் இன்னும் இருந்தாலும் அது பூட்டே இல்லை. 'டிகேஐபி'யும் வேண்டாம்.

பாஸ்வேர்ட் அடிக்க அலுத்து 'டபிள்யூபிஎஸ்' எட்டு இலக்க எண்ணைப் போடுகிறவர்கள் உண்டு. எட்டு இலக்கம் என்றால் கோடிக்கணக்கில் வாய்ப்பு இருக்கிறது என்று தோன்றும். ரவுட்டர் அதை இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, கடைசி இலக்கம் வெறும் சரிபார்ப்பு எண். அதனால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிடலாம் என்று 2011இலேயே காட்டிவிட்டார்கள். ரவுட்டர் மெனுவில் அதை அணைத்தே வையுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் ரவுட்டரின் பெயர் லிஸ்ட்டில் இரண்டு முறை தெரிந்து, ஒன்றில் பூட்டு இல்லாமல் இருந்தால், அந்தப் பூட்டில்லாததைத் தொடாதீர்கள். நீங்கள் அப்படி ஒன்றை வைக்கவில்லையே. கெஸ்ட் நெட்வொர்க் ஏதும் ஆன் ஆகியிருக்கிறதா என்று ரவுட்டருக்குள் பாருங்கள். இல்லையென்றால் அது வேறு யாருடையதோ.

ரவுட்டருக்குள் போய்ப் பார்ப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ஒரு இணைய முகவரி இருக்கும், உள்ளே போக இதை டைப் செய் என்று. லேப்டாப் ரவுட்டரோடு இணைந்திருந்தால் அந்தப் பெயரை ரவுட்டரே பிடித்துத் தன் பக்கத்தைக் காட்டும். இணையாமல், போன் டேட்டாவில் இருந்துகொண்டு டைப் செய்தால் அது வெளி இணையத்துக்குப் போய்விடும். அங்கே யார் இருக்கிறார்களோ அவர்கள் பக்கம் திறக்கும். 2016இல் இது நிஜமாகவே நடந்தது. டிபி-லிங்க் தன் ரவுட்டர்களின் அடியில் அச்சடித்திருந்த 'டிபிலிங்க்லாகின் டாட் நெட்' முகவரியைப் புதுப்பிக்காமல் விட்டுவிட்டது. அது முகம் தெரியாத வேறு ஒருவர் கைக்குப் போய், விலைக்கு விடப்பட்டதாகச் செய்தி வந்தது. ரவுட்டர் பக்கம் என்று நம்பி யாராவது பாஸ்வேர்ட் அடித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பெயரை விட எண்ணே மேல். டிபி-லிங்க் ரவுட்டர்களுக்குப் பெரும்பாலும் 192.168.0.1, ஜிஎல்.ஐநெட் ரவுட்டர்களுக்கு 192.168.8.1. எண் வெளியே போகாது. ரவுட்டர் இல்லாவிட்டால் பக்கம் திறக்காது, அவ்வளவுதான்.

உள்ளே போனதும் முதல் வேலை, டீஃபால்ட் பாஸ்வேர்டை மாற்றுவது. ஜிஎல்.ஐநெட் மாடல்கள் பலவற்றில் வைஃபை பாஸ்வேர்ட் 'குட்லைஃப்' என்றே வரும் என்பது ஊருக்கே தெரியும். ஊசியால் ரீசெட் பட்டனை அழுத்தினாலும் அதுவே திரும்ப வந்துவிடும். ரீசெட்டுக்குப் பிறகு 'அப்பாடா, ஏறிவிட்டது' என்று அப்படியே விட்டுவிடுகிறவர்கள் அதிகம்.

பாஸ்வேர்ட் ஏற்றுக்கொண்டது, ஆனால் 'இன்டர்நெட் இல்லை' என்று வருகிறதா? 'ஐபிகான்ஃபிக்' கட்டளையைக் கொடுங்கள். ஐபி முகவரி 169.254 என்று ஆரம்பித்தால், ரவுட்டர் உங்களுக்கு முகவரியே தரவில்லை, லேப்டாப் தானாக ஒன்றைப் போட்டுக்கொண்டது என்று அர்த்தம். ரவுட்டரின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன ஸ்விட்ச் பைக்குள் உரசி 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்குப் போயிருக்கும். அந்த முறையில் முகவரி கொடுக்கும் வேலையை ஹோட்டலின் நெட்வொர்க்தான் செய்ய வேண்டும். அது கொடுக்காவிட்டால் நீங்கள் அந்தரத்தில் நிற்பீர்கள். ஹோட்டல் வைஃபைக்கு 'ரிப்பீட்டர்' என்றோ 'ஹாட்ஸ்பாட்' என்றோ எழுதியிருக்கும் முறை, கேபிளுக்கு 'ரவுட்டர்' முறை. ஒவ்வொரு பிராண்டும் ஒரு பெயர் வைத்திருக்கும், கையேட்டில் பாருங்கள். ஆபீஸில் யாராவது நிலையான ஐபி போட்டுக் கொடுத்திருந்தாலும் இதே கதைதான், 'ஆட்டோமேட்டிக்'குக்கு மாற்றுங்கள்.

முகவரி சரியாகவே இருந்து நெட் மட்டும் வரவில்லை என்றால், ஹோட்டலும் உங்கள் ரவுட்டரும் ஒரே எண் வரிசையில் இருக்கலாம். ஹோட்டல் 192.168.1 என்று தொடங்கி, உங்கள் ரவுட்டரும் 192.168.1 என்றால், எது உள்ளே எது வெளியே என்று ரவுட்டருக்கே குழம்பிப்போகும். உங்கள் பக்கத்தை 192.168.77.1 என்பது போல யாரும் வைக்காத எண்ணுக்கு மாற்றிவிடுங்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போதே இதைச் செய்துவிட்டால் எந்த ஊரிலும் இந்தத் தொல்லை வராது.

நேற்று வேறு ஊர், இன்று வேறு ஊர் என்றால் இதுவும் நடக்கும்: ரவுட்டர் பழைய ஹோட்டலின் வைஃபையையே தேடிக்கொண்டிருக்கும். ஒரே ரேடியோவால் தேடிக்கொண்டே உங்களுக்கும் வைஃபை தர வேண்டியிருப்பதால், சில மாடல்களில் உங்கள் வைஃபை தோன்றும், மறையும், ஒட்டாது. ஒரு சின்ன லேன் கேபிளும், லேப்டாப்பில் துளை இல்லையென்றால் யுஎஸ்பி லேன் அடாப்டரும் பையில் இருந்தால் கேபிள் வழியே உள்ளே போய்ப் பழைய பெயரை நீக்கிவிடலாம். ரீசெட்டே தேவைப்படாது.

இனி லாகின் பக்கம். ஹோட்டல் வைஃபைகள் பலவும் ஒரு பக்கத்தைக் காட்டி அறை எண்ணும் பெயரும் கேட்கும்; இந்தியாவில் மொபைல் எண் வாங்கி ஓடிபி அனுப்பும். அந்தப் பக்கம் லேப்டாப்பில் எழவே மாட்டேன் என்கிறதா? விபிஎன் ஓடிக்கொண்டிருக்கலாம், பிரவுசரில் 'செக்யூர் டிஎன்எஸ்' ஆன் ஆகியிருக்கலாம், ரவுட்டரில் வேறு டிஎன்எஸ் போட்டிருக்கலாம். லாகின் முடியும்வரை நிறுத்திவிட்டு, 'நெவர்எஸ்எஸ்எல் டாட் காம்' போன்ற பூட்டில்லாத பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள், பக்கம் எழும். முடிந்ததும் விபிஎன்னை மறக்காமல் திரும்ப ஆன் செய்யுங்கள். லாகின் பக்கத்தை வரவழைக்க மெயில் தளத்தையோ பேங்க் தளத்தையோ திறந்து, 'இந்தத் தளம் பாதுகாப்பானது அல்ல' என்ற சிவப்பு எச்சரிக்கையைத் தாண்டி 'புரொசீட்' அழுத்துகிறார்கள் பாருங்கள், அதுதான் ஆகப் பெரிய ஆபத்து. இன்று பெரும்பாலான தளங்கள் குறியாக்கத்தோடு இருப்பதால் வழியில் நிற்பவனால் எதையும் படிக்க முடிவதில்லை. அந்தக் காவலை நீங்களே நீக்கிவிடும் பட்டன் அது. லேப்டாப்பின் தேதி தப்பாக இருந்தாலும் இந்த எச்சரிக்கை வரும், தேதியைச் சரிபாருங்கள். தேதி சரியாக இருந்தும் வந்தால் மூடிவிடுங்கள்.

அந்த லாகின் பக்கம் அறை எண்ணைக் கேட்டால் நியாயம். ஜிமெயில் பாஸ்வேர்டைக் கேட்டால் அது ஹோட்டல் அல்ல. கார்டு விவரம் கேட்டால் ரிசப்ஷனுக்குப் போன் போட்டு, 'உங்கள் வைஃபைக்குக் காசு உண்டா, சரியான பெயர் என்ன, எழுத்து எழுத்தாகச் சொல்லுங்கள்' என்று கேட்டுவிடுங்கள். ஓடிபி வந்தால் எண்ணை மட்டும் பார்க்காமல், எதற்கான ஓடிபி என்று மெசேஜ் முழுவதையும் படியுங்கள்.

லாகின் செய்த கருவியை ஹோட்டல் அதன் மேக் முகவரியை வைத்து அடையாளம் காண்கிறது. அதனால், லேப்டாப்பில் லாகின் செய்துவிட்டு அதன் மேக் முகவரியை ரவுட்டருக்குக் 'குளோன்' (நகல்) செய்பவர்கள், பிறகு லேப்டாப்பை நேராக ஹோட்டல் வைஃபையில் ஏற்றக் கூடாது. ஒரே முகவரியில் இருவர் நின்றால் இருவருக்கும் நெட் வராது.

இவ்வளவும் பார்த்தும் வரவில்லையா, படுத்துத் தூங்குங்கள். தயவுசெய்து கூகுளில் 'ரவுட்டர் கஸ்டமர் கேர் நம்பர்' என்று தேடாதீர்கள். மேலே விளம்பரமாக வருவது நிறுவனத்தின் எண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. எடுப்பவன் மரியாதையாகப் பேசுவான், 'சார், ஒரு ஆப் போடுங்க, நானே சரி பண்ணித் தர்றேன்' என்பான். எனிடெஸ்க் போன்ற ஆப்கள் தன்னளவில் நல்ல கருவிகள்தான். ஆனால் ஆப் காட்டும் எண்ணை அந்நியனிடம் சொல்லி, அவன் கேட்கும் அனுமதியையும் கொடுத்த நொடியில் உங்கள் திரை அவன் கையில். இப்படி நடந்த பணமோசடிகளைப் பார்த்துத்தான் 2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அந்த ஆப்பின் பெயரைச் சொல்லியே வங்கிகளை எச்சரித்தது. உதவி எண் வேண்டுமென்றால் ரவுட்டர் வந்த அட்டைப்பெட்டியில் இருக்கும், கையேட்டில் இருக்கும். கிளம்பும் முன் அதை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஏதாவது செய்துவிட்டோமோ என்று நெஞ்சு பதைப்பவர்கள் இப்போதே செய்ய வேண்டியவை இருக்கின்றன. லேப்டாப்பின் வைஃபையை அணையுங்கள். போன் டேட்டாவில், போனிலிருந்து, முதலில் மெயில் பாஸ்வேர்டை மாற்றி 'எல்லாக் கருவியிலிருந்தும் வெளியேறு' கொடுங்கள். மெயில் போனால் மற்றதெல்லாம் அதன் வழியாகவே போகும். ரிமோட் ஆப் போட்டிருந்தால் நீக்குங்கள், நீக்கியும் அந்த லேப்டாப்பை முழுக்கச் சுத்தம் செய்யும்வரை அதில் பேங்க் வேலை பார்க்காதீர்கள். பணம் போயிருந்தால் கார்டின் பின்னால் இருக்கும் எண்ணில் பேங்கைக் கூப்பிட்டுக் கார்டை முடக்குங்கள். இந்தியாவில் இருந்தால் அடுத்த அழைப்பு 1930க்கு. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ, பணம் கைமாறும் முன் நிறுத்திவைக்க அவ்வளவு வாய்ப்பு உண்டு. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்காதீர்கள். ஆபீஸ் லேப்டாப் என்றால் ஐடி பிரிவுக்கு அன்றைக்கே சொல்லிவிடுங்கள், திட்டு வாங்கினாலும் பரவாயில்லை.

பயணம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் ஃபயர்வால் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டரின் ஃபர்ம்வேரை வீட்டு நெட்டிலேயே புதுப்பியுங்கள், ஹோட்டலில் அந்த வேலை வேண்டாம். பிறகு லேப்டாப்பில் தெரிந்த நெட்வொர்க்குகளின் பட்டியலைத் திறங்கள். தங்கிய ஹோட்டல், காபிக் கடை, விமான நிலையம் என்று வரிசையாக நிற்கும். பூட்டில்லாத பெயர்கள் ஒவ்வொன்றையும் நீக்குங்கள். இல்லாவிட்டால் அதே பெயரை யார் எங்கே வைத்தாலும், உங்களைக் கேட்காமலே லேப்டாப் போய் ஒட்டிக்கொள்ளும்.